நோயைப் பற்றி ஊரில் எப்படிப் பேசுவது? செட்டிநாட்டுப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பள்ளி ஆசிரியர்கள், மகளிர் குழுப் பெண்கள், நர்சிங் மாணவிகள், திருவிழாவில் முகாம் போடும் பையன்கள் என்று பலரும் வந்து, "ஊரில் சுகாதாரம் பற்றிப் பேசப் போகிறோம், எப்படிப் பேசினால் கேட்பார்கள்?" என்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு என் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். இது வைத்தியக் குறிப்பு இல்லை. வைத்தியர் சொன்னது வீடு வரை போய்ச் சேர என்ன வழி என்பதுதான் பேச்சு.

சுகாதாரத் தகவல் தொடர்பு என்று பெரிய பெயராக இருக்கிறதே, அது என்ன?

டாக்டர் அறையில் சொன்னது சமையல்கட்டு வரைக்கும் சிந்தாமல் போய்ச் சேருவது. அவ்வளவுதான். சுவரொட்டி, ஆட்டோ மைக், மருந்துச் சீட்டு, மருந்துக் கடைக்காரர் மாத்திரையை உறையில் போட்டுக்கொண்டே சொல்லும் ஒற்றை வரி, எல்லாம் இதில் அடக்கம். என்னைக் கேட்டால் அந்த ஒற்றை வரிக்குத்தான் சுவரொட்டியைவிடப் பலம் அதிகம்.

முதலில் என்ன செய்ய வேண்டும்? நோட்டீஸ் எழுதி அச்சடிக்கலாமா?

பொறுங்கள். நோட்டீஸ் கடைசி வேலை.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில் டெங்குக் காய்ச்சல். "வீட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று நோட்டீஸ் கொடுத்தோம், மைக்கில் சொன்னோம். எல்லாரும் தலையாட்டினார்கள். பாவம், செய்யவும் செய்தார்கள். குடத்தை மூடினார்கள், டயரைத் தூக்கிப் போட்டார்கள். ஆனாலும் ஒரே தெருவில் காய்ச்சல் நிற்கவில்லை. கொசுப்புழு பார்க்கும் டி.பி.சி. பெண்கள்தான் கண்டுபிடித்தார்கள். தெருவின் நடுவில் பூட்டிக் கிடந்த பெரிய வீடு. வீட்டுக்காரர்கள் சென்னையிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வந்தால்தான் வீடு திறக்கும். நான்கு பக்கத்து ஓட்டிலிருந்தும் மழை முற்றத்துக்குள் விழுகிற மாதிரி கட்டிய வீடு. முற்றத்து ஓரத்தில் நிமிர்த்தி வைத்த அண்டா, வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் கல் உரல், ஆட்டுக்கல் என்று எல்லாவற்றிலும் பளிங்கு மாதிரித் தண்ணீர், அதில் புழு நெளிகிறது.

எங்கள் நோட்டீஸ் யாருக்குப் போனது? ஏற்கெனவே குடத்தை மூடியவர்களுக்கு. அந்த வீட்டுச் சாவி இருந்தது வாட்ச்மேனிடம். முகப்பைக் கூட்டி, பூட்டை இழுத்துப் பார்ப்பதுதான் தன் வேலை என்று அவர் நினைத்திருந்தார். "உள்ள இருக்க சாமானத் தொட்டா நாளைக்கு ஒன்னு காணோம்னு எம் மேல வந்துரும் நர்சம்மா" என்றார். இதுதான் உண்மையான தடை. கொசுவைப் பற்றி அவருக்கு இன்னும் பத்து விஷயம் சொல்லியிருந்தாலும் அந்த வீட்டுக் கதவு திறந்திருக்காது.

அப்புறம் என்ன செய்தோம்? சென்னையில் இருந்த வீட்டுக்காரருக்கு வாட்ச்மேன் முன்னாலேயே போன் போட்டோம். "ஞாயிற்றுக்கிழமை தோறும் உள்ளே போய் எல்லாப் பாத்திரத்தையும் கவிழ்த்துவிடு, உரல் குழியைத் தேய்த்துத் துடைத்துவிடு" என்று அவர் வாயால் சொல்ல வைத்தோம். ஏன் வாரம் ஒரு முறை என்றும் வாட்ச்மேனுக்கு விளக்கினோம். முட்டை கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும், அதற்குள் கொட்டிவிட வேண்டும். தேய்ப்பது எதற்கு என்றால், முட்டை பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும், அடுத்த மழையில் பொரிக்கும்.

ஆகவே எதையும் எழுதுவதற்கு முன் கேளுங்கள்: இந்த வேலையைச் செய்யப்போகும் கை யாருடையது? அந்தக் கையைப் பிடித்து இழுப்பது எது? சாவி யாரிடம் இருக்கிறது? இதற்குப் பதில் கிடைத்தால் நோட்டீஸே தேவைப்படாமல் போகலாம்.

இன்னொன்று. டெங்கு என்றதும் ஊரில் "சாக்கடையச் சுத்தம் பண்ணச் சொல்லுங்க" என்பார்கள், ஊருணியைக் கை காட்டுவார்கள். சாக்கடை வேறு கொசுவின் வீடு. டெங்குக் கொசுவுக்கு வீட்டுக்குள் இருக்கும் தெளிந்த தண்ணீர்தான் பிடிக்கும், பகலில் கடிக்கும். சாக்கடையைத் தூர்வார வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். அது வேறு கணக்கு.

நல்ல தமிழில் சொல்ல வேண்டுமா, பேச்சு வழக்கில் சொல்ல வேண்டுமா?

நோயாளி வாயில் என்ன சொல் இருக்கிறதோ அதில் தொடங்குங்கள். இதில் கௌரவம் பார்த்தால் உயிர் போகும், நிஜமாகவே.

"மார்பு வலி வந்தால் உடனே மருத்துவமனை செல்லவும்" என்று சுவரில் எழுதியிருக்கும். எங்கள் பக்கம் யாருக்கும் மார்பு வலி வருவதே இல்லை. வாயுப் பிடிப்பு வரும், நெஞ்சைக் கரிக்கும், நெஞ்சு அடைக்கும். எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இரவு முழுக்க ஓமத் தண்ணீரும் சோடாவும் குடித்தபடி உட்கார்ந்திருந்தார். "ஒன்னுமில்லத்தா, வாயுதான்" என்றார். விடிந்து ஆட்டோவில் ஏற்றியபோது சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. பிழைத்தார், ஆனால் அதற்குப் பிறகு மாடிப்படி ஏற முடியவில்லை. அவரும் அந்தச் சுவர் வழியாகத்தான் தினமும் போய் வந்தார். அதில் இருந்த சொல் அவருடைய சொல் இல்லை.

அன்றிலிருந்து நான் இப்படித்தான் சொல்வேன்: "வாயு மாதிரி நெஞ்சைப் பிடித்து, கூடவே வியர்த்துக் கொட்டினாலோ, இடது கை, தாடை, முதுகு என்று வலி பரவினாலோ, மூச்சு வாங்கினாலோ அது வாயு என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்த பிறகு டாக்டர் சொல்லட்டும் வாயு என்று." சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் வெறும் அசதியாக, மூச்சுத் திணறலாக மாரடைப்பு வருவதுண்டு என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

"நீரிழிவு" என்று எழுதுங்கள், தப்பில்லை. பேசும்போது "சுகர்" என்றால்தான் தலை நிமிரும். இரத்த அழுத்தம் என்றால் பிரஷர். ஒவ்வாமை என்றால் யாருக்கும் தெரியாது, "எந்த மாத்திரையாவது சாப்பிட்டுத் தடிச்சிருக்கா, அரிச்சிருக்கா?" என்று கேட்டால் உடனே பதில் வரும். ஆஸ்பத்திரிச் சொற்களில் எனக்கு மிகவும் ஆகாதது "நெகட்டிவ்". ரிசல்ட் நெகட்டிவ் என்று கேட்டு அழுத தாயைப் பார்த்திருக்கிறேன். "நெகட்டிவ், அதாவது அந்த நோய் இல்லை" என்று ஒரு வால் சேர்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

"நிறைய", "அடிக்கடி", "கொஞ்சம்" இவையும் ஆபத்தான சொற்கள். "நிறையத் தண்ணீர் குடிங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவீர்கள். சிறுநீரகக் கோளாறுக்கோ இதயக் கோளாறுக்கோ தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர் அந்தக் கூட்டத்தில் இருப்பார்.

எப்படி விளித்துப் பேசுவது?

நகரத்தார் வீட்டுப் பெரிய பெண்மணி என்றால் ஆச்சி. மற்ற வீடுகளில் அம்மா, ஆத்தா, அப்பத்தா, அந்த வீட்டில் எது வழக்கமோ அது. "பாட்டி" என்று ஊருக்குப் புதிதாக வரும் மாணவிகள் கூப்பிடும்போது சிலருக்கு முகம் சுருங்கும். இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். முகம் சுருங்கிய பிறகு நீங்கள் சொல்வது எதுவும் உள்ளே போகாது.

ஒரு தடவையில் எத்தனை விஷயம் சொல்லலாம்?

ஒன்று சொன்னால் நல்லது, மூன்றுக்கு மேல் வேண்டாம். மிக முக்கியமானதை முதலில் சொல்லிவிடுங்கள், புறப்படும்போது அதையே திரும்பச் சொல்லுங்கள்.

புரிந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

"புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். புரியவில்லை என்று சொல்ல யாருக்கும் மனசு வராது, அதுவும் வெள்ளைக் கோட்டைப் பார்த்து. "புரிஞ்சுது டாக்டர்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து என்னிடம் "என்னம்மா சொன்னாக?" என்று கேட்டவர்கள் எத்தனையோ பேர்.

அதற்குப் பதில், திரும்பச் சொல்ல வைக்க வேண்டும். ஆனால் பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கச் சொல்கிற மாதிரி இருக்கக் கூடாது. குற்றத்தை நம் மேல் போட்டுக்கொள்ள வேண்டும். "நான் வேகவேகமா சொல்லிட்டேன், விட்டுப்போச்சான்னு தெரியல. வீட்டுக்குப் போய் எப்படிக் கலக்குவீங்கன்னு ஒரு தரம் சொல்லுங்க, சரி பார்த்துக்கிறேன்." இதுதான் என் வாசகம். இதை டீச்-பேக் என்று பாடத்தில் சொல்லித் தருகிறார்கள். பெயர் எதுவானால் என்ன.

எதற்கு இவ்வளவு பாடு என்றால் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைப் பாருங்கள். வயிற்றுப்போக்குக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை. ஆனால் பெரிய பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டும். பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுத்த வீடும் உண்டு, "தினம் ஒரு ஸ்பூன்" என்று டானிக் மாதிரிக் கொடுத்த வீடும் உண்டு. கெட்டியாகக் கலந்தால் உப்பு கூடிப் பிள்ளைக்கு ஆபத்து. கடையில் 200 மில்லிக்கான சின்ன பாக்கெட்டும் இருப்பதால் குழப்பம் இன்னும் அதிகம். அதனால் நான் பாக்கெட்டைக் கையில் கொடுத்து, "உங்க வீட்ல எந்தப் பாத்திரம் ஒரு லிட்டர்?" என்று கேட்பேன். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இல்லாத வீடு இப்போது கிடையாது, அதை எடுத்து வரச் சொல்லி என் முன்னாலேயே கலக்கச் சொல்வேன். பாக்கெட் கிடைக்காத நேரத்துக்கு: ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. எதுவானாலும் 24 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மிஞ்சினால் கொட்டிவிட வேண்டும். இதில் அளவுதான் உயிர். சொல்லிவிட்டு வருவதைவிடக் கலக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு வருவது மேல்.

மாத்திரைகளை எப்படி விளக்குவது? வயதானவர்களுக்குச் சீட்டு படிக்கத் தெரியவில்லை.

காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று என்பதற்குச் சீட்டில் எழுதும் 1-0-1 படித்தவர்களுக்கே புரிவதில்லை. உறையின் மேல் சூரியனையும் நிலாவையும் வரைந்து கொடுங்கள், போதும். ஆனால் வரைவதற்கு முன் அவர்கள் நாள் எப்படி ஓடுகிறது என்று கேளுங்கள்.

"சாப்பாட்டுக்கு முன் காலை, இரவு" என்று எழுதியிருக்கும். அந்த அம்மா கிருத்திகைக்கும் சஷ்டிக்கும் விரதம். சாப்பாடு இல்லை, மாத்திரை மட்டும் உண்டு. சில சர்க்கரை மாத்திரைகளும் இன்சுலினும் அப்படி வெறும் வயிற்றில் போனால் சர்க்கரை தடாலென்று இறங்கி மயக்கம் வரும். அவர் விரதம் இருப்பதை டாக்டர் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சாமி விஷயத்தை டாக்டரிடம் சொன்னால் திட்டுவார் என்ற பயம். "விரதம் இருக்கக் கூடாது" என்று நாம் ஆரம்பித்தால் அடுத்த முறை மறைப்பார்கள். "விரத நாள் என்னிக்குன்னு சொல்லுங்க, அன்னிக்கு மாத்திரைய எப்படி மாத்தணும்னு டாக்டர்கிட்ட கேட்டுருவோம்" என்றால் காலண்டரையே எடுத்துக்கொண்டு வருவார்கள்.

தைராய்டு மாத்திரையும் அப்படித்தான். வெறும் வயிற்றில் போட வேண்டும், காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். காலையில் எழுந்ததும் காபி இல்லாமல் கண் திறக்காத வீட்டில் இதைச் சொன்னால் நடக்குமா? நடக்காது. எழுந்து பல் துலக்கும் முன் மாத்திரை, வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடித்த பின் காபி என்று சொல்லிப் பாருங்கள். ஏற்கெனவே இருக்கும் ஒரு பழக்கத்தோடு கட்டிவிட்டால் மறக்காது.

2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்த பிறகு சுகர், பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. கொண்டுவரும் தன்னார்வலப் பெண்ணுக்கு இது நல்ல வாய்ப்பு. போன மாத மாத்திரை எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று டப்பாவைப் பார்த்தாலே போதும், பேச வேண்டியது என்ன என்று தெரிந்துவிடும்.

சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னால் கோபப்படுகிறார்களே?

கோபம் வராதா பின்னே? விருந்தும் பலகாரமும்தான் இந்தச் சீமையின் பெருமை. சர்க்கரை நோயாளிக்கு அச்சடித்துக் கொடுத்த ஓர் உணவுத் தாளைப் பார்த்தேன். ஓட்ஸ், பிராக்கோலி, ஆலிவ் எண்ணெய். தேவகோட்டையில் ஆச்சி ஒருவர் அதைப் படித்துவிட்டு, "இதுல எதுவும் நான் தின்கிறதே இல்ல, அப்ப எனக்கு ஒன்னும் குறைக்க வேண்டியதில்ல" என்றார். நியாயம்தானே?

அதனால் தட்டில் இருப்பதைப் பேசுங்கள். காலை, மதியம், இரவு என்று மூன்று வேளையைக் கேட்டுவிட்டு நிறுத்திவிடுவது வெளியூர்க்காரர்கள் செய்யும் தப்பு. இங்கே நான்காவது வேளை இருக்கிறது, இடைப்பலகாரம். வெள்ளைப் பணியாரம், சீயம், கந்தரப்பம், தேன்குழல் எல்லாம் அப்போதுதான் வரும். அதைச் சாப்பாட்டுக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. "சாயங்காலம் என்ன செய்வீங்க ஆச்சி?" என்று ஆசையாகக் கேளுங்கள், முழுக் கணக்கும் வந்துவிடும். பிறகு நான்கு பணியாரத்தை இரண்டாக்கலாம், கவுனி அரிசியைக் கல்யாண வீட்டோடு நிறுத்திக்கொள்ளலாம். கறுப்பு அரிசி என்பதால் சர்க்கரைக்கு நல்லது என்று ஒரு பேச்சு உண்டு. அதில் கொட்டும் சீனியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

உப்புக்கு எனக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஏறக்குறைய ஒரு டீஸ்பூனுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கிராம் கணக்கு யாருக்குப் புரியும்? "ஒரு கிலோ உப்புப் பாக்கெட் உங்க வீட்ல எத்தனை நாள் வருது?" என்று கேட்பேன். நான்கு பேர் இருக்கும் வீட்டில் அது 50 நாளாவது வர வேண்டும். இருபது, இருபத்தைந்து நாளில் தீர்கிறது என்றால் அவர்களே வாயில் கை வைப்பார்கள். ஊறுகாய், வற்றல், உப்புக்கண்டம் போடும் மாதம் என்றால் அந்த உப்பும் கடைசியில் வயிற்றுக்குத்தான் போகிறது என்று சொல்ல வேண்டியிருக்கும்.

பயமுறுத்தினால் கேட்பார்களா?

கொஞ்ச நேரம் கேட்பார்கள். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். சிகரெட் பாக்கெட்டில் 2016 முதல் 85 சதவீத இடத்தை எச்சரிக்கைப் படம் எடுத்துக்கொள்கிறது. அந்தப் படத்துக்குப் பயன் உண்டு, ஆனால் அதன் மேல் விரலை வைத்து மறைத்துக்கொண்டு பற்ற வைப்பவர்களையும் பார்க்கிறோம். பயத்தைக் காட்டினால் அடுத்த வரியிலேயே தப்பிக்கும் வழியையும் காட்ட வேண்டும், அதுவும் இன்றைக்கே செய்யக் கூடியதாக. புகையிலையை விட நினைப்பவருக்கு 1800-11-2356 என்ற இலவச எண்ணைக் கையில் எழுதிக் கொடுப்பது அப்படி ஒரு வழி.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடக்கும் கூட்டத்தில் சர்க்கரை உள்ளவர்கள் எத்தனையோ பேர். வெறுங்காலில், தார்ச் சாலையில், நாள்கணக்காக. "காலை எடுக்க வேண்டி வரும், நடக்காதீர்கள்" என்று ஒரு முகாமில் சொன்னார்கள். யாராவது நின்றார்களா? வேண்டுதல், நிற்க மாட்டார்கள். அடுத்த ஆண்டு வேறு மாதிரிச் சொன்னோம். "சுகர் நரம்பை மரக்கச் செய்யும், முள் குத்தினாலும் கொப்புளம் வந்தாலும் தெரியாது. அதனால் ராத்திரி தங்குகிற இடத்தில் கூட வருபவரை உங்கள் உள்ளங்காலை டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். விரலிடுக்கையும் பார்க்கச் சொல்லுங்கள். கொப்புளம் இருந்தால் உடைக்காமல் முகாமுக்கு வாருங்கள்." வந்தார்கள். உணர்ச்சியே இல்லாத கால் என்று தெரிந்தவர்களுக்கு டாக்டர் தனியாக உட்கார்த்தி வைத்துப் பேசினார். காலுறையாவது போட்டுக்கொள்ளச் சம்மதித்தவர்கள் உண்டு.

நம்பிக்கைகளோடு மோதினால் என்ன செய்வது? உதாரணமாக அம்மை.

மோதாதீர்கள். பெரியம்மை உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டதாக 1980-இல் அறிவித்தார்கள். இப்போது வீட்டில் பார்ப்பது பெரும்பாலும் சின்னம்மை. "ஆத்தா வந்திருக்கா" என்று வாசலில் வேப்பிலை செருகி, வெளியார் வராமல், தாளிக்காமல் இருப்பார்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சின்னம்மை கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை தொற்றும், அதுவரை நோயாளி தனியாக இருக்க வேண்டும். அந்த வேப்பிலை தெருவுக்கே "இங்கே வராதீர்கள்" என்று சொல்லும் பலகை. இதைவிட நல்ல சுவரொட்டியை நான் பார்த்ததில்லை. அதைப் பாராட்டிவிட்டு உள்ளே போங்கள்.

பிறகு சேர்க்க வேண்டியதைச் சேர்க்கலாம். கர்ப்பிணியும் கைக்குழந்தையும் அந்த வீட்டுப் பக்கம் வரக் கூடாது. பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. மூச்சு வாங்கினால், பிள்ளை எழுப்பினால் எழாமல் கிடந்தால், கொப்புளம் சீழ் வைத்தால் ஆஸ்பத்திரி. "ஆத்தா கோவிச்சுக்குவாளே" என்பார்கள். "தலைக்குத் தண்ணி ஊத்தறது உங்க வழக்கப்படி ஊத்துங்க. மூச்சு வாங்குதுன்னா மட்டும் காத்திருக்க வேண்டாம்" என்பேன். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். எல்லா வீட்டிலும் ஒத்துக்கொண்டார்கள் என்று சொன்னால் பொய்.

கெடுதல் செய்யாத வழக்கத்தை விட்டுவிடுங்கள். கெடுதல் செய்வதை மட்டும் பிடியுங்கள். பாம்பு கடித்த காலைக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, கீறி ரத்தம் எடுப்பது, இதிலெல்லாம் விட்டுக்கொடுக்க முடியாது.

வாட்ஸ்அப்பில் வரும் தப்பான செய்தியை எப்படி மறுப்பது?

குடும்பக் குழுவில் எல்லார் முன்னாலும் "இது பொய்" என்று போடாதீர்கள். அனுப்பியவர் சித்தப்பாவாக இருப்பார், அவமானம் தாங்காமல் இன்னும் இரண்டு அனுப்புவார். தனியாகப் போன் போடுங்கள்.

மறுக்கும்போது உண்மையை முதலில் சொல்லுங்கள். பொய்யை ஒரு முறைக்கு மேல் உச்சரிக்க வேண்டாம், திரும்பத் திரும்பக் கேட்டால் பொய்தான் மனதில் நிற்கும். நாய்க்கடியை எடுத்துக்கொள்ளுங்கள். "கடித்த இடத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஊசி போட வேண்டும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காபித்தூள் வைத்தால் புண்தான் பெரிதாகும். கழுவுங்கள், ஊசி போடுங்கள்." நடுவில் ஒரு வரி மட்டும்தான் மறுப்பு.

ஒரு வதந்திக்குப் பின்னால் பழைய உண்மை ஒன்று ஒளிந்திருக்கும், அதையும் தேடுங்கள். "தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போடுவாங்க" என்று பயந்து நாய்க்கடியை மறைக்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது கட்டுக்கதை இல்லை. ஒரு காலத்தில் வயிற்றில்தான் வரிசையாகப் போட்டார்கள். அந்தப் பழைய வகைத் தடுப்பூசியை இந்தியாவில் 2004 இறுதியோடு நிறுத்திவிட்டார்கள். இப்போது கையில், அரசு மருத்துவமனையில் தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாள்களில். ஆழமான கடி என்றால் கூடுதலாக இன்னொரு மருந்தைப் புண்ணிலேயே போடுவார்கள். "நீங்க சொல்றது அந்தக் காலத்துல சரிதான் அய்யா, இப்ப மாறிப்போச்சு" என்று தொடங்கினால் அவர் பொய் சொன்னவர் ஆக மாட்டார், நீங்களும் சண்டைக்காரர் ஆக மாட்டீர்கள்.

"சர்க்கரையை ஒரே மாதத்தில் அடியோடு குணமாக்கும்" வகை விளம்பரங்களுக்கு ஒரு வார்த்தை. சர்க்கரை, புற்றுநோய் போன்றவற்றைக் குணமாக்குவதாக மருந்து விளம்பரம் செய்வதையே தடுக்கும் சட்டம் 1954 முதல் இருக்கிறது. விளம்பரத்தை நம்பி இன்சுலினை நிறுத்தியவர் வீட்டில் இதைச் சொன்னால் யோசிப்பார்கள்.

எண்களையும் சதவீதத்தையும் எப்படிச் சொல்வது?

"ஆபத்து இரண்டு மடங்கு" என்று கேட்டால் யாரும் பதறுவார்கள். பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு வந்தது இரண்டு பேருக்கு வந்தாலும் இரண்டு மடங்குதான், நூறில் இருபது நாற்பதானாலும் இரண்டு மடங்குதான். அதனால் எத்தனை பேரில் எத்தனை பேர் என்று ஆள் கணக்காகச் சொல்லுங்கள். எச்.பி.ஏ.1.சி. என்ற பரிசோதனையை "மூணு மாசத்துச் சராசரி, டெஸ்ட்டுக்கு முந்தின நாள் மட்டும் பத்தியம் இருந்து இதை ஏமாத்த முடியாது" என்று சொன்னால் சிரித்துக்கொண்டே புரிந்துகொள்வார்கள்.

யார் சொன்னால் ஊர் கேட்கும்?

டாக்டர் சொன்னால் மரியாதையாகக் கேட்கும். பக்கத்து வீட்டுக்காரி சொன்னால் செய்து பார்க்கும். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது எழுத்துப் படிக்க வந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளும் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். மேடைப் பேச்சைக் கேட்டா கற்றார்கள்? தன் தெருக்காரி ஒருத்தி ஓட்டிப் போவதைப் பார்த்து. அதே ஆட்களைத்தான் சுகாதாரத்துக்கும் தேட வேண்டும். குழந்தைக்கு ஊசி போட்டு ஒரு நாள் காய்ச்சல் வந்து சரியான ஒரு தாயை, பயந்து நிற்கும் இன்னொரு தாயோடு பேச வைத்துவிட்டு நீங்கள் திண்ணையில் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

பிள்ளைகள் வெளியூரில், பெற்றோர் பெரிய வீட்டில் தனியாக. போனில் எப்படிச் சொல்வது?

இந்தக் கேள்வி சிங்கப்பூரிலிருந்தும் வருகிறது. "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்று கேட்டால் "போட்டாச்சு" என்றுதான் பதில் வரும். "நீல மாத்திரை எத்தனை மிச்சம் இருக்கு அப்பச்சி, எடுத்து எண்ணிச் சொல்லுங்க" என்று கேளுங்கள். போன் பக்கத்துச் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டுங்கள். என்ன நோய், என்ன மாத்திரை, எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது, பக்கத்து வீட்டு எண், 108. அவசரத்தில் ஓடி வருபவர் வேலைக்காரப் பெண்ணாகவோ வாட்ச்மேனாகவோ இருப்பார், அவருக்குத்தான் இந்தத் தாள். முகம் கோணினால், ஒரு கை விழுந்தால், பேச்சுக் குழறினால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குச் சொல்லி வையுங்கள். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. சிங்கப்பூருக்குப் போன் போட்டு அனுமதி கேட்டுக்கொண்டிருந்தால் அதில் பாதி போய்விடும். "என்னைக் கேட்காதே, முதலில் 108" என்று பிள்ளைகள் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

காசநோய், மனநோய் போன்றவற்றை எப்படிப் பேசுவது?

தனியாக, தாழ்ந்த குரலில், கூட்டத்தில் பெயர் சொல்லாமல். "டி.பி. நோயாளி வீடு எது?" என்று தெருவில் வழி கேட்டு வந்த ஒரு பணியாளரால் ஒரு பெண்ணின் கல்யாணப் பேச்சு நின்று போனது. ஆறு மாத மருந்து முடித்தால் குணமாகும் நோய் அது. மனநலத்துக்கு 14416 என்ற இலவச எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். எண்ணைச் சுவரில் எழுதுவதைவிடச் சின்னச் சீட்டில் எழுதிக் கையில் மடித்துக் கொடுங்கள்.

நாம் செய்தது பலன் தந்ததா என்று எப்படி அளப்பது?

கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை நோட்டீஸ் தீர்ந்தது என்று அறிக்கையில் எழுதுவார்கள். பஜ்ஜி டீ கொடுத்தால் கூட்டம் வரும். டெங்கு வேலைக்கு நூறு வீட்டில் எத்தனை வீட்டில் புழு இருக்கிறது என்பதுதான் கணக்கு. பேசுவதற்கு முன் ஒரு முறை எண்ணுங்கள், இரண்டு வாரம் கழித்து ஒரு முறை எண்ணுங்கள். உப்புக்குப் பாக்கெட் எத்தனை நாள் வருகிறது, மாத்திரைக்கு டப்பாவில் எத்தனை மிச்சம். இப்படி ஒவ்வொன்றுக்கும் வீட்டுக்குள்ளேயே ஒரு அளவுகோல் கிடக்கும்.

பதில் தெரியாத கேள்வி கேட்டுவிட்டால்?

"தெரியல, கேட்டுட்டு வர்றேன்" என்று சொல்லுங்கள். 104-க்குப் போன் போட்டால் அரசு மருத்துவ ஆலோசனை கிடைக்கும், ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரையும் கேட்கலாம். ஆனால் சொன்னபடி திரும்பிப் போக வேண்டும். ஒருமுறை பள்ளத்தூர்ப் பக்கம் ஓர் ஆச்சி, இன்சுலினை ஃப்ரிட்ஜில் எங்கே வைப்பது, கரண்ட் போனால் என்ன செய்வது என்று கேட்டார். கேட்டு வந்து சொல்கிறேன் என்று போய், மறுநாள் மழையில் நனைந்துகொண்டு வந்து சொன்னேன். ஃப்ரீசரில் வைக்கக் கூடாது, உறைந்துபோனால் வீண். நடுத் தட்டில் வைக்கலாம். பயன்படுத்தத் தொடங்கிய பாட்டிலை வெயில் படாத குளிர்ந்த இடத்தில், மண்பானைத் தண்ணீருக்குள் நனையாத டப்பாவில் வைத்தும் சமாளிக்கலாம். அவர் உள்ளே போய்ப் பானை ஒன்றை எடுத்து வந்தார். "இது போதுமா, பாரு" என்றார்.